அக்காவுக்கு சீலியாக்னு சொல்லிட்டாங்க, இந்த மறதியும் அதனாலதானா?

செல்வி_நொய்டா:
எல்லாருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு 41 வயசு, கல்யாணம் ஆகி 16 வருஷமா டெல்லி பக்கம்தான், தினம் ரெண்டு வேளை சப்பாத்தி. எத்தன வருஷம் இரும்பு மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் 9-ஐ தாண்டவே இல்ல. போன மாசம் ஒரு டாக்டர் டிடிஜினு ஒரு ரத்த டெஸ்ட் எழுதிக் குடுத்தாரு, அது ரொம்ப அதிகமா வந்துச்சு, எண்டோஸ்கோப்பில சதை எடுத்துப் பாத்து சீலியாக்னு, அதாவது கோதுமை சாப்பிட்டா குடல் பாதிக்கிற நோய்னு உறுதி பண்ணிட்டாங்க. என் கவலை வயிறு இல்ல. அக்கா பேங்க்ல வேல பாக்குறா, கணக்குல புலி, அவ இப்ப ஒன்றரை வருஷமா பேச்சுக்கு நடுவுல வார்த்தை கெடைக்காம நிக்கிறா. போன வாரம் கரண்டிய கையில வச்சுக்கிட்டே "அது... சாம்பார் ஊத்துறது" னு தேடுறா, எனக்கு அழுகையே வந்துடுச்சு. கோதுமைக்கும் மூளைக்கும் சம்பந்தம் உண்டா? சரியாகுமா?

அரிசிமட்டும்:
உண்டுங்க. எனக்கு ஆறு வருஷம் முன்னாடி கண்டுபிடிச்சாங்க, அதுக்கு முன்னாடி ஒரே மெயிலை நாலு தடவ படிச்சாலும் மண்டையில ஏறாது, தூங்கி எந்திரிச்சாலும் தல பஞ்சு அடைச்ச மாதிரியே இருக்கும். ப்ரெயின் ஃபாக்னு சொல்றது இதத்தான். ஆஸ்திரேலியாவுல 2014-ல புதுசா கண்டுபிடிச்ச 11 பேர ஒரு வருஷம் க்ளூட்டன் (கோதுமை, பார்லில இருக்கிற புரதம்) இல்லாத சாப்பாட்டுல வச்சு பாத்தாங்க, குடல் ஆற ஆற ஞாபகம், கவனம் எல்லாம் கூடவே தேறிச்சு. சின்ன ஆய்வுதான், ஆனா எனக்கு நடந்ததும் அதேதான், மூணு மாசத்துல கொஞ்சம் தெளிவு, முழுசா வர ஒரு வருஷம் ஆச்சு. ஒண்ணு சொல்றேன் கோச்சுக்காதீங்க, சப்பாத்திய நிறுத்துனா மட்டும் பத்தாது. கூட்டுப் பெருங்காயத்துல மைதா கலப்பாங்க, நான் அஞ்சு மாசம் அது தெரியாம தினம் ரசத்துல போட்டுட்டு இருந்தேன். மால்ட் பானம், சோயா சாஸ், ரவா தோசை ஊத்துன அதே கல்லு, எல்லாத்தையும் பாருங்க.

நரம்பியல்_பிசியோ:
நான் நியூரோ வார்டுல பிசியோவா இருக்கேன். சீலியாக்ல உடம்பு க்ளூட்டனை எதிரின்னு நெனச்சு ஆன்டிபாடி உண்டாக்குது, அந்த எதிர்ப்பு சிலபேருக்கு நடை, பேலன்ஸ பாத்துக்கிற சிறுமூளையில இருக்கிற பர்கின்ஜிங்கிற நரம்பு செல்களையும் தாக்கும். இதுக்கு க்ளூட்டன் அட்டாக்சியானு பேரு, இங்கிலாந்து ஷெஃபீல்டுல டாக்டர் ஹாஜிவாசிலியோ குழு 90-கள்ல இருந்து இதப் பத்தி எழுதிட்டு வராங்க, வயித்துல ஒரு தொந்தரவும் இல்லாதவங்களுக்குக்கூட இது வரலாம். இன்னொரு பக்கம் குடல் சத்த உறிஞ்சாததால பி12, ஃபோலேட், இரும்பு, காப்பர் எல்லாம் குறையும், அதுவும் மறதியக் குடுக்கும், ஆனா சரிபண்ணலாம். அதனால பி12, தைராய்டு கண்டிப்பா பாக்கச் சொல்லுங்க, எல்லாத்தையும் கோதுமை தலையில கட்டிட்டு விட்டுடாதீங்க. பயப்படவும் வேணாம், ஸ்வீடன்ல ஆயிரக்கணக்கான சீலியாக் நோயாளிங்கள வச்சு பாத்ததுல ஒட்டுமொத்தமா டிமென்ஷியா அதிகமா வரல. ஒரே ஒரு விஷயம், அக்காவ டைல்ஸ் கோட்டு மேல குதிகாலும் விரலும் ஒட்டுற மாதிரி அடி மேல அடி வச்சு நடக்கச் சொல்லுங்க, பக்கத்துலயே நின்னுக்கங்க. தள்ளாடுனா உடனே நியூரோ டாக்டர்கிட்ட போங்க, செத்துப்போன சிறுமூளை செல் திரும்ப வராது.

குமார்_சேலம்:
எனக்கும் இப்பல்லாம் மறதி ஜாஸ்தியா இருக்கு, நாளையில இருந்து கோதுமைய நிறுத்திப் பாக்கட்டுமாங்க?

நரம்பியல்_பிசியோ:
தம்பி, டெஸ்ட் எடுக்காம நிறுத்தாதீங்க. நிறுத்துனா ஆன்டிபாடி கொறஞ்சுடும், குடலும் ஆற ஆரம்பிச்சுடும், அப்புறம் நோய் இருந்தாலும் ரிப்போர்ட்டு இல்லைன்னு வரும். 2016-ல வந்த இந்திய ஆய்வுல ரத்தத்துல சீலியாக் ஆன்டிபாடி இருந்தவங்க வடக்க நூத்துக்கு 1.23 பேர், தெற்க 0.10 தான், அதனால நம்ம ஊர்ல மறதிக்கு மொதல்ல தூக்கம், சுகர், தைராய்டு, பி12 பாருங்க. ஆனா தெற்க வராதுன்னும் இல்ல.

செல்வி_நொய்டா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெருங்காய டப்பாவ எடுத்துப் பாத்தேன், பொடி எழுத்துல மைதானு போட்டிருக்கு, ஒரு மாசமா அக்காவுக்குன்னு தனியா சமைச்சு அதத்தான் போட்டிருக்கேன். ராத்திரி ஹால்ல டைல்ஸ் கோட்டுல நடக்க வச்சேன், மூணாவது அடியிலயே செவுத்தப் புடிச்சுட்டா. "செருப்பு வழுக்குது" னா. செருப்பே போடல அவ. வியாழக்கிழமைக்கு நியூரோ அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன், க்ளூட்டன் அட்டாக்சிக்குப் பாக்குற டிஜி6 ஆன்டிபாடி டெஸ்ட் பத்தியும் கேக்குறேன்.