சாந்தி கல்யாணத்துக்கு கார்டு செய்றேன், பசை மானத்த வாங்குது
ஆச்சிமாரே, கொஞ்சம் ஐடியா குடுங்க. அடுத்த வாரம் எங்க அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சாந்தி கல்யாணம், அதான் அறுபதாங் கல்யாணம், கடை கார்டு வேணாம்னு நானே உக்காந்து ஏ4 சார்ட்டை ரெண்டா மடிச்சு, முன்னாடி ஆத்தங்குடி தரைக்கல்லு மாதிரி பூக்கட்டம் கலர் பேப்பர்ல வெட்டி ஒட்டி, ஓரத்துல அப்பத்தாவோட பழைய கண்டாங்கி சேலைக் கரையை வச்சேன் (வெட்டுனது அவங்களுக்கு இன்னும் தெரியாது). வெள்ளைப் பசை தடவுனதும் பேப்பர் அப்பளம் மாதிரி வளைஞ்சுபோச்சு, துணியிலயும் ஈரம் ஊறி திட்டுத்திட்டா தெரியுது. க்ளூ ஸ்டிக் துணியைப் பிடிக்குமா, இல்ல டபுள் சைடு டேப்தானா? ஓரத்துல நூல் பிரியாம என்ன பண்றது? காரைக்குடில 250 ஜிஎஸ்எம் கனத்துல அட்டை ரெண்டு மூணு ஷீட் மட்டும் எங்க குடுப்பாங்க? கொட்டான் (ஓலைக்கூடை) முடையுற ஓலையும் மிச்சம் கெடக்கு, சேத்தா ஓவராயிடுமா?