ஃபெலோஷிப்: ‘கைதேர் பயிற்சி’ எனலாமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம். மருத்துவர்கள் பெறும் ‘ஃபெலோஷிப்’ என்ற பயிற்சிக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘உறுப்பாண்மை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. (புதுச்சேரியிலிருந்து)

ஐயா, பிரிட்டனின் அறுவை மருத்துவர் கழகம் தரும் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டத்தில் வரும் ஃபெலோவுக்கு அது பொருந்தும்; ஓர் அவையில் கிடைக்கும் இடம் அது. இங்கே பேச்சு வேறு. எம்.பி.பி.எஸ்., அதன்மேல் 3 ஆண்டு எம்.எஸ். எலும்பியல் எல்லாம் முடித்தவர், மூத்த மருத்துவர் பக்கத்தில் பெரும்பாலும் ஓராண்டு நின்று விளையாட்டுக் காய அறுவையில் கை பழகுகிறார்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கபடி ஆடும்போது முழங்காலை முறுக்கிக்கொண்டாள். கடலூரிலேயே ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஃபெலோவாக இருக்கும் டாக்டரின் அறை வாசலில் ‘பயிற்சி மருத்துவர்’ என்று பலகை. அவள் அப்பா அதைப் படித்தார். “ஹவுஸ் சர்ஜன் கையில எம்பொண்ணு காலைக் குடுக்க மாட்டேன்” என்று எழுந்துவிட்டார். அவர்மேல் தப்பே இல்லை. நம் ஊரில் ‘பயிற்சி மருத்துவர்’ என்றால் எம்.பி.பி.எஸ். முடிக்கும் கட்டத்தில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன் என்றுதான் பொருள்.

டாக்டரே வெளியே வந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். அறுந்தது எலும்போடு எலும்பைக் கட்டும் தசைநார். தொடையின் பின்பக்கத்துத் தசைநாணை (தசையை எலும்போடு கட்டுவது) எடுத்து, மடித்து, தொடையெலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு அதன் வழியே இழுத்துக் கட்டுவார்களாம். உள்ளே பார்க்கும் குழாயின் தடிமன் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். தொடையெலும்புத் துளை கொஞ்சம் முன்னே தள்ளிப்போனாலும் கால் முழுக்க மடங்காது, அல்லது நாளடைவில் கட்டு தளர்ந்துவிடும். அந்த இடம் கைக்குப் பிடிபடத்தான் இந்த ஓராண்டு.

தச்சரையும் தவில்காரரையும் ‘கைதேர்ந்தவர்’ என்கிறோமே, அந்தச் சொல்லிலிருந்தே எடுக்கலாம்: கைதேர் பயிற்சி. வினைத்தொகை என்பதால் நடுவில் ‘ப்’ வேண்டாம். தேர்ந்த, தேர்கின்ற, தேரும் என முக்காலமும் அதில் அடங்கும். முன்பே அறுவை தெரிந்தவர், இன்னும் தேர்ந்துகொண்டிருப்பவர் என்ற நிலைக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆளைக் ‘கைதேர் மருத்துவர்’ எனலாம்; ‘பயிற்சி’ அங்கே வரவே கூடாது.

‘தோழமை’ வேண்டாம், நோயாளிக்கு ஒன்றும் புரியாது. ‘உயர்சிறப்புப் பயிற்சி’ என்றால் எம்.எஸ்.ஸுக்கு மேல் படிக்கும் எம்.சிஎச். படிப்போடு குழம்பும். ஆராய்ச்சிக்குத் தரும் ஃபெலோஷிப்புக்கு ‘ஆய்வு நல்கை’ இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும்.

பலகையை மாற்ற மருத்துவமனையில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எழுதுபவர் திங்கட்கிழமை வருகிறார். மறுப்பிருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.