பெட்ஃபோர்டு காற்றுச்சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் யாரேனும் உண்டா?

தோட்டத்துப் பிள்ளை, சுங்கை சிப்புட்:
அனைவருக்கும் வணக்கம். காலஞ்சென்ற என் பெரியப்பா 1960களில் இங்கிலாந்துக்குப் போய், பெட்ஃபோர்டு அருகே தர்லியில் இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாப்ளிஷ்மென்ட் என்ற அரசு விமான ஆய்வு நிலையத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பினார். தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் யாரைக் கேட்டாலும் "பிளேன் செய்தார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எங்களிடம் உள்ள ஒரே படத்தில், கறுப்பு நிற முக்கோண இறக்கை ஒன்றின் அருகே தூரிகையுடன் நிற்கிறார். அவர் அங்கே சாயம் பூசுபவராக இருந்தாரா?

பழைய பிட்டர், ஈப்போ:
தம்பி, அது சாயமன்று, எண்ணெய். நானும் அங்கே, விமானத்தின் சிறு மாதிரியை வைத்து அதன்மேல் காற்றை வேகமாக ஓட்டிச் சோதிக்கும் காற்றுச்சுரங்கப் பிரிவில் இருந்தவன்தான். போர்க்காலத்தில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் பறந்த தளத்தைத்தான் போருக்குப் பின் ஆய்வுக்கென்று எடுத்துக் கட்டினார்கள். எண்ணெயில் வெள்ளைப் பொடியைக் குழைத்து, கறுப்பு மாதிரியின்மேல் மெல்லிய படலமாகத் தடவிவிட்டுக் காற்றை ஓட்டினால், காற்று போன வழியெல்லாம் மீன்முள் வரிசைபோலக் கோடுகள் விழும். திட்டாகத் தடவினால் எண்ணெய் தன் எடையிலேயே வழிந்து பொய்க்கோடு போடும் என்பதால் அதற்குக் கை பழகியவர்களையே விடுவார்கள். கூர்மையான முன்விளிம்பிலிருந்து எழும் சுழல் இறக்கையின் மேற்புறத்தை உறிஞ்சித் தூக்குவதை அந்தக் கோடுகளில் நாங்கள் கண்ணாலேயே பார்த்தோம். ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டு மூக்கை நிமிர்த்தி மெதுவாகத் தரையிறங்க முடிந்தது அந்தச் சுழலால்தான். மெதுவான வேகத்தில் அத்தகைய இறக்கை எப்படி நடந்துகொள்ளும் என்று அறிவதற்காகவே செய்த ஹேண்ட்லி பேஜ் 115 என்ற சிறு விமானம், 1961 ஆகஸ்ட் 17 அன்று அதே தளத்திலிருந்துதான் முதன்முதலாகப் பறந்தது.

மற்றபடி எங்கள் நாள் பெரும்பாலும் பொறுமையில்தான் கழிந்தது. முன்விளிம்பை ஒட்டிப் பசை தடவி, கார்பொரண்டம் என்ற கடினமான தேய்ப்பு மணலைச் சீராகத் தூவுவோம். சிறிய மாதிரியின்மேல் படியும் காற்றும் பெரிய விமானத்தில்போலக் கலங்கி ஓட வேண்டுமல்லவா! மாதிரியிலுள்ள ஊசித்துளைகளிலிருந்து வரும் குழாய்களைக் கண்ணாடிக்குழல் வரிசையில் மாட்டி, திரவம் ஏறி நிற்கும் உயரங்களைப் படமெடுத்துக் காற்றழுத்தத்தைக் கணக்கிடுவார்கள். துளையின் வாயில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தாலும் அளவு தவறிவிடும்.

ஆசிரியை, கோலகங்சார்:
பிட்டர் ஐயா சொன்னதோடு, நம் பிள்ளைகளுக்கு நெருக்கமான ஒரு செய்தியையும் மலரில் சேர்க்கலாம். 1977 டிசம்பரில் கான்கார்டு லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியபோது, மலாக்கா நீரிணைக்கு மேல் எழும் ஒலி அதிர்வைக் காரணம் காட்டி மலேசிய அரசு தடுத்ததால், சில பறத்தல்களிலேயே அந்தச் சேவை நின்றது. 1979 ஜனவரியில் மீண்டும் தொடங்கி, மறு ஆண்டே முடிந்துபோனது. ஆனால் உங்கள் பெரியப்பா கான்கார்டைச் செய்தார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். படத்தில் இருப்பது எந்த இறக்கை என்று ஐயாவுக்கு அனுப்பிக் கேட்டபின் எழுதுங்கள்.

தோட்டத்துப் பிள்ளை:
மிக்க நன்றி, ஐயா, டீச்சர். படத்தை இன்றிரவே அனுப்புகிறேன்.