நோர்வேஜியச் சொற்களில் காதுக்குக் கேட்காத இரட்டை மெய்: எப்படிக் கண்டுபிடிப்பது?

பெர்கன் மாணவி:
வணக்கம். நோர்வேஜிய மொழியில் பி2 (மேல் இடைநிலை) எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிறேன். அழுத்தம் பெறும் அசையில் உயிர் குறுகினால் அடுத்த மெய் இரட்டிக்கும், நீண்டால் இரட்டிக்காது என்று வகுப்பில் சொன்னார்கள். 'தாக்' என்று நீட்டினால் கூரை, ஒரே கே. 'தக்' என்று குறுக்கினால் நன்றி, இரண்டு கே. அன்றாடச் சொற்களில் இது சரியாக வருகிறது. ஆனால் ஆணைக்குழுவைக் குறிக்கும் 'கொம்மிஷோன்' என்ற சொல்லில் அழுத்தம் கடைசி அசையில் விழ, இரட்டை எம் முதல் அசையை அடுத்து நிற்கிறது. கருவியைக் குறிக்கும் 'அப்பராட்' இரண்டு பி பெறுகிறது; பழுதுபார்த்தலைக் குறிக்கும் 'ரெபரேரெ' ஒன்றே பெறுகிறது. (எழுத்துக்கூட்டல் தெரிவதற்காகவே மெய்யை இரட்டித்து எழுதுகிறேன்.) சென்ற கட்டுரையில் இத்தகைய பிழைகள் மட்டும் ஒன்பது.

ஓஸ்லோ ஆசிரியர்:
இங்கே காதை நம்ப வேண்டாம். சொல்லைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் சொன்ன 'அப்பராட்', 'ரெபரேரெ' இரண்டும் 'பராரே', அதாவது ஆயத்தம் செய்தல், என்ற ஒரே இலத்தீன் வினையின் பிள்ளைகள். 'அத்' என்ற முன்னொட்டு அதனோடு சேர்ந்தபோது அதன் ஈற்று மெய் பகரமாகத் திரிந்து இரட்டித்தது. 'ரெ' என்ற முன்னொட்டு உயிரில் முடிவதால் திரிய எதுவுமில்லை. தனியானது என்று பொருள்படும் 'செபராட்' சொல்லும் அப்படியே. மரம் என்பது 'கள்' சேரும்போது மரங்கள் ஆவதைப் போன்ற புணர்ச்சிதான் இது. 'கொன்' என்ற முன்னொட்டு 'கொன்டக்ட்' சொல்லில் மாறாமல் நின்று, 'கொம்மிஷோன்', 'கொல்லெகா', 'கொர்ரெக்ட்' ஆகியவற்றில் வருமொழியின் முதல் மெய்யாகவே மாறிவிடுகிறது. இரட்டிப்பு இலத்தீனிலேயே நடந்து முடிந்தது; நோர்வேஜியம் அதன் எழுத்தை மட்டும் காத்து வருகிறது.

ஸ்தவாங்கர் அக்கா:
தங்கைக்கு ஓர் எச்சரிக்கை. 'கொமெடியெ' (நகைச்சுவை நாடகம்), 'கொமெட்' (வால்வெள்ளி), 'அபொதேக்' (மருந்துக்கடை) போன்றவை கிரேக்கத்திலிருந்து வந்தவை. அவற்றின் தொடக்கம் இலத்தீன் முன்னொட்டு அன்று, ஆகவே ஒற்றை மெய்தான். பிரெஞ்சு வழியாக வந்த 'அட்ரெஸ்ஸெ' (முகவரி) ஒரே டி பெறும். ஆங்கிலத்தில் இரண்டு டி என்பதால் ஆங்கிலம் அறிந்தவர்கள் இங்கேதான் தவறுவார்கள். சொல்லின் ஈற்றிலோ உங்கள் வகுப்பு விதியே ஆள்கிறது: 'முசிக்' (இசை) அழுத்தத்தை ஈற்றில் பெறுவதால் இரண்டு கே, 'முசிகெர்' (இசைக்கலைஞர்) அதை முதலசைக்கு மாற்றுவதால் ஒரே கே. 'ப்ரொஃபெஷொனெல்' சொல்லில் 'ப்ரொ' உயிரில் முடிவதால் எஃப் ஒன்று, அழுத்தம் ஈற்றில் விழுவதால் எல் இரண்டு.

பெர்கன் மாணவி:
ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. 'ஒப்பொசிஷோன்' சொல்லில் 'ஒப்' என்ற முன்னொட்டு இருப்பதால் இரண்டு பி. 'ஒபெரஷோன்' சொல்லில் வேலையைக் குறிக்கும் 'ஒபுஸ்' வேராக இருப்பதால் ஒரே பி. இப்படிப் பிரித்தபோது ஒன்பதில் ஆறு தீர்ந்தன. 'அட்ரெஸ்ஸெ', ஒரே எம் பெறும் 'கொமிடே' (குழு) இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்கிறேன். இணையானது என்று பொருள்படும் 'பரல்லெல்' மட்டும் புரியவில்லை; நடுவிலும் ஈற்றிலும் எல் ஏன் இரட்டிக்கிறது?

ஓஸ்லோ ஆசிரியர்:
அது கிரேக்கச் சொல். ஒன்றையொன்று என்று பொருள்படும் பகுதியிலேயே நடு இரட்டை எல் இருக்கிறது. ஈற்று இரட்டை எல் நோர்வேஜியம் அழுத்தத்துக்காகச் சேர்த்தது.