மவுஸ் அம்பே கண்ணுக்குத் தெரியல, டிஸ்ப்ளேல என்ன மாத்தணும்?

மண்டபத்தான்:
வணக்கம் மக்களே. எங்க சித்தப்பா மண்டபத்துல ஒரு மீன் கம்பெனில கணக்கு எழுதுறாரு, வயசு அறுபதத் தாண்டிருச்சு. காலைல படகு கரைக்கு வந்ததும் எறாலு நண்டு கணவாய்னு எடை போடப் போட எக்செல்ல ஏத்தணும், சுத்தி நின்னு ஆளுங்க கத்துவாங்க, அந்த நேரத்துல பாத்து அம்பு எங்க இருக்குன்னே தெரியலங்குறாரு, சைடுல இழுக்குற பட்டையும் மறைஞ்சு போயிருது. வாசலுக்கு நேரா கடலு, வெயிலு தண்ணில பட்டு அப்படியே ஸ்கிரீன்ல அடிக்கும். விண்டோஸ் 11, 22 இஞ்ச் மானிட்டர். யாரோ ரெசல்யூஷன (ஸ்கிரீன்ல காட்டுற புள்ளி எண்ணிக்கைய) 1366 x 768க்கு எறக்கி வச்சிருக்காங்க, எழுத்து பெருசா இருக்கு ஆனா பிசிறடிக்குது. மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு வேலை ஆரம்பிச்சிருச்சு, சீக்கிரம் சொல்லுங்க.

தொண்டி தம்பி:
மொதல்ல ரெசல்யூஷன பழையபடி 1920 x 1080 ஆக்கிருங்கண்ணே, பக்கத்துல ரெக்கமண்டட்னு போட்டிருக்கும் பாருங்க. எல்சிடி பேனல்ல புள்ளி எத்தனைங்கிறது ஃபிக்ஸ், அதுக்குக் கம்மியா வச்சா பிசிறு வரத்தான் செய்யும். பெருசாக்கணும்னா அதே டிஸ்ப்ளே பக்கத்துல ஸ்கேல்னு இருக்கும், 125 வைங்க, பத்தலன்னா 150. எழுத்து மட்டும் போதும்னா விண்டோஸ் பட்டனும் யூ-வும் சேத்து அமுக்குனா ஆக்சஸிபிலிட்டி தொறக்கும், அதுல டெக்ஸ்ட் சைஸ், 225 வரைக்கும் போகும்.
அம்புக்கும் அங்கனயேதான், மவுஸ் பாயின்டர்னு இருக்கும், சைஸ கூட்டிட்டு கலர் கஸ்டம்ல போயி நல்ல ரோஸ் கலரு குடுங்க. வெள்ளை அம்ப வெள்ளை எக்செல்ல தேடுனா யாருக்குத்தான் தெரியும்? விசுவல் எஃபெக்ட்ஸ்ல ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ ஆன் பண்ணா செட்டிங்ஸ் மாதிரி இடத்துல பட்டை மறையாது. டைப் பண்ற எடத்துல கோடு தெரியலன்னா டெக்ஸ்ட் கர்சர் இண்டிகேட்டர், அதுக்கும் கலர் போட்டுக்கலாம்.

ஏர்வாடி காத்து:
இவ்ளோ எதுக்கு, கான்ட்ராஸ்ட் தீம் போடுங்க, கறுப்புல வெள்ளை எழுத்து பளிச்சுனு தெரியும். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரிண்ட் ஸ்கிரீன் மூணையும் அமுக்குனா ஆன், திரும்ப அமுக்குனா ஆஃப்.

கீழக்கரை காக்கா:
தம்பி ஏர்வாடி, உள் ரூமுல உக்காந்து பாக்குறவுகளுக்கு அது சரி. வாசல்ல வெயிலு அடிக்கிற எடத்துல கறுப்பு ஸ்கிரீன் வச்சா கண்ணாடி மாதிரி நம்ம மூஞ்சிதான் தெரியும். வெளிச்சத்துக்கு வெள்ளை பின்னணிதான் லாயக்கு. இன்னொண்ணு, கான்ட்ராஸ்ட் தீம் போட்டா எக்செல்ல கட்டத்துக்கு அடிச்சு வச்ச கலரு போயிரும், பாக்கி உள்ளவுகளுக்கு செவப்பு அடிக்கிற பழக்கம் அவருக்கு இருந்துச்சுன்னா அம்புட்டுதான், யாரு பாக்கி வச்சிருக்கான்னே தெரியாது.
செட்டிங்ஸ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி மேசைய திருப்பிப் போடச் சொல்லு. ஸ்கிரீன் வாசலப் பாக்கவும் கூடாது, வாசலுக்கு முதுகு காட்டவும் கூடாது, பக்கவாட்டுல இருக்கணும். மானிட்டர் பட்டன்ல கரண்ட மிச்சம் புடிக்க வெளிச்சத்தக் குறைக்கிற ஈகோ மோடு இருந்தா எடுத்துட்டு பிரைட்னஸ ஏத்து. அப்பறம் நம்ம ஊரு உப்புக்காத்து, நாலு நாள் தொடைக்காம விட்டா மேல ஒரு படலம் படிஞ்சு எல்லாமே மங்கலாத்தான் தெரியும். ஆஃப் பண்ணிட்டு மெத்துன்னு ஒரு துணிய லேசா தண்ணில நனைச்சு தொடைக்கச் சொல்லு, கண்ணாடி தொடைக்கிற திரவமெல்லாம் வேணாம், மேல உள்ள பூச்சு போயிரும்.

மண்டபத்தான்:
காக்கா, மேசைய திருப்புனதுலயே பாதி சரியாயிருச்சு. ரோஸ் அம்பப் பாத்துட்டு சித்தப்பா இதென்னடா கல்யாண வீட்டு கலருன்னு சிரிச்சாரு, ஆனா மாத்த வேணாம்னுட்டாரு. ஸ்கேல் 125 வச்சதுல எக்செல் நல்லாருக்கு, பழைய பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் மங்கலா தெரியுது. அதுக்கு என்ன பண்ண?

தொண்டி தம்பி:
அந்த ஐகான்ல ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அதுல சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ். கீழ ஓவர்ரைடுல டிக் அடிச்சு சிஸ்டம் என்ஹான்ஸ்டு வச்சுட்டு சாஃப்ட்வேர மூடித் தொறங்கண்ணே. எல்லா பழைய சாஃப்ட்வேரும் இதுக்குக் கேக்காது. கேக்கலன்னா அப்ளிகேஷன்னு மாத்துங்க, எழுத்து தெளிவா வரும் ஆனா சின்னதாயிரும், பாக்க முடியலன்னா விண்டோஸும் பிளஸும் அமுக்கி, ஸ்கிரீன பெருசாக்கிக் காட்டுற மேக்னிஃபயர் வச்சுக்கச் சொல்லுங்க, மூட விண்டோஸ் எஸ்கேப்.