ஒசாகா முதல் பயணம்: சாப்பாட்டை முடிவு செய்துவிட்டு ஊரைச் சுற்றுங்கள்

(புனைபெயர்களில் மூன்று பயணிகள் பேசிக்கொண்டது)

தயிர்சாதம்:

முதல்முறை ஜப்பான் போகிற பலரும் இடங்களின் பட்டியலோடுதான் தொடங்குகிறார்கள். ஒசாகா கோட்டை, டோட்டன்போரி கடைத்தெரு, நாரா மான்கள், நேரம் இருந்தால் கியோட்டோ. நான் தலைகீழாகச் சொல்வேன். அம்மா சுத்த சைவம், எனக்கு முட்டை வரை சரி. இப்படி ஒரு குடும்பம் கிளம்பினால் மூன்று வேளையும் எங்கே சாப்பிடுவது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைப் பாருங்கள்.

காரணம் தாஷி. புகைபோட்டுக் காயவைத்த மீனை மெல்லிசாகச் சீவி, கொம்பு என்ற கடற்பாசியோடு சேர்த்து எடுக்கிற சாறு. குழம்பு, தொட்டுக்கொள்ளும் சாறு, ஒகோனோமியாகி என்கிற காரத் தோசை மாதிரிப் பண்டத்தின் மாவு, ஏன், வேகவைத்த காய்கறியில்கூட இது இருக்கும். கிட்சுனே உடோன் ஒசாகாவில் பிறந்த பண்டம் என்பார்கள். தடித்த கோதுமை நூடுல்ஸ், மேலே இனிப்பாக வேகவைத்த பொரித்த டோஃபு. பார்த்தால் சைவம், ஆனால் சாறு மீன்.

ஒசாகாவின் நம்பா பகுதியில் ஒரு சின்ன உடோன் கடையில், இறைச்சி, மீன், மீன் சாறு எதுவும் சாப்பிட மாட்டோம் என்று ஜப்பானிய மொழியில் அச்சடித்த சீட்டை நீட்டினேன். கடைக்கார அம்மாள் கண்ணாடியை மாட்டி நிதானமாகப் படித்தார், உள்ளே போய்க் கேட்டார், திரும்பி வந்து இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து முடியாது என்று காட்டினார். எழுந்து நின்றோம். உட்காரச் சொல்லி சைகை. கொஞ்ச நேரத்தில் வெறும் உடோனைத் தண்ணீரில் அலசி, துருவிய முள்ளங்கி, வெங்காயத்தாள், பக்கத்தில் சோயா சாஸ் என்று கொண்டுவந்து வைத்தார். சாஸ் பாட்டிலைத் திருப்பி, பின்பக்கத்தில் சேர்மானங்களை விரலால் தொட்டுக் காட்டியதுதான் எனக்குப் பெரிய விஷயம். அம்மா கைப்பையிலிருந்து பருப்புப் பொடியை எடுத்துத் தூவிக்கொண்டார். அந்த அம்மாளும் ஒரு சிட்டிகை வாங்கி நாக்கில் வைத்தார், உடனே தண்ணீர் தேடி ஓடினார்!

எல்லாக் கடையிலும் இது நடக்காது. கூட்டம் இல்லாத நேரமாகப் போனால் வாய்ப்பு அதிகம். மற்ற வேளைக்குப் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் தரைக்குக் கீழ்த் தளத்தில் உள்ள உணவுப் பகுதி போதும்: பழம், ரொட்டி, டோஃபு, சிவப்பு பயறு வைத்த மோச்சி என்கிற அரிசிப் பலகாரம். கடை மூடும் நேரம் நெருங்கினால் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் உமே என்கிற புளிப்பு ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டை கிடைக்கும். ஆனால் சில உமேயிலும் மீன் சீவல் சேர்ப்பதால் மொபைல் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்து வாங்குங்கள்.

ஊர் சுற்றலில் எங்களுக்குப் பிடித்தது தனிமாச்சி மெட்ரோ லைன் ஓரம். தனிமாச்சி யோன்சோமேயில் இறங்கினால் கோட்டை. கோபுரம் 1931-ல் கான்கிரீட்டில் கட்டியது, உள்ளே லிஃப்ட்டும் அருங்காட்சியகமும். பழமையைத் தேடுகிறவர்கள் கற்சுவரைப் பாருங்கள். சகுரா வாசலுக்கு உள்ளே இருக்கும் ஒற்றைக் கல் மட்டும் 100 டன்னுக்கு மேல். அங்கிருந்து அதே லைனில் மூன்றாவது நிறுத்தம் ஷிட்டென்னோஜி, 593-ல் தொடங்கிய கோயில். மாதாமாதம் 21, 22 தேதிகளில் வளாகத்தில் பழைய பொருள் சந்தை கூடும். தேதி ஒத்துவந்தால் விடாதீர்கள். பழைய கிமோனோ, பீங்கான் கோப்பை எல்லாம் ஷின்சாய்பாஷி கடைத்தெருவில் கேட்கிற விலை இல்லை.

ஊர்சுற்றி:

நான் எதையும் சாப்பிடுவேன், எனக்கு வயிற்றில் இடம்தான் பிரச்சினை. டோட்டன்போரியில் தகோயாகி என்கிற ஆக்டோபஸ் உருண்டைக்கு நீள வரிசை, நியான் விளம்பரங்களுக்கு முன்னால் போட்டோ, சரி, ஒரு தடவை பார்க்கலாம். சாயங்காலத்தை ஷின்செகாய் பகுதியில் கழியுங்கள். சூட்டென்காக்கு கோபுரத்தின் அடியில் குஷிகட்சு கடைகள் வரிசையாக இருக்கும். குச்சியில் குத்திப் பொரித்த இறைச்சி, தாமரைக் கிழங்கு, காடை முட்டை. பொதுச் சாஸ் பாத்திரத்தில் ஒரு முறைதான் முக்கலாம், கடித்ததை மறுபடி முக்கக்கூடாது. இன்னும் சாஸ் வேண்டுமே என்று பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஸ்டூல் பெரியவர் தட்டில் இருந்த முட்டைக்கோஸ் துண்டை எடுத்து, அதால் சாஸை மொண்டு என் குச்சி மேல் விட்டார். பேச்சே இல்லை, பீர் கிளாஸை மட்டும் தூக்கிக் காட்டினார். இப்போது பல கடைகளில் சாஸை பாட்டிலில் வைத்துவிட்டார்கள், அதில் இந்தக் கூத்து இல்லை.

கத்தியும்கரண்டியும்:

ஷாப்பிங் பற்றி யாரும் சொல்லவில்லையே. நம்பாவிலிருந்து நடக்கும் தூரத்தில் தோகுயாசுஜி, உணவகக்காரர்கள் பாத்திரம் வாங்கும் தெரு. கத்திக்குப் பேர்போன சகாய் ஒசாகாவுக்குத் தெற்கே பக்கத்து ஊர், அங்கத்துச் சரக்கு இங்கே நிறைய. நான் நுழைந்த கடையில் விலை சொல்வதற்கு முன்பே வலது கையா இடது கையா என்று கேட்டார்கள், ஒருபக்கம் மட்டும் தீட்டிய கத்திக்கு அது முக்கியம். அப்புறம், என்ன வெட்டுவீர்கள்? வெங்காயம், முருங்கைக்காய் என்று படம் காட்டினேன். கடைக்காரர் முருங்கைக்காயை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, விலை உயர்ந்ததை உள்ளே வைத்துவிட்டுக் காய்கறிக்கு ஏற்ற சாதாரண இருபக்கக் கத்தியைக் கொடுத்தார். பெயர் பொறிக்கிறீர்களா என்றும் கேட்டார்.

வரிவிலக்குக்கு அசல் பாஸ்போர்ட் கையில் வேண்டும், ஒரே கடையில் ஒரே நாளில் வரியைச் சேர்க்காமல் குறைந்தது 5,000 யென் வர வேண்டும். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: முழு விலையும் கொடுத்துவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் உறுதியான பிறகுதான் வரி திரும்ப வரும். கத்தி செக்-இன் பெட்டிக்குள்தான், கைப்பையில் வேண்டாம்.

தயிர்சாதம்:

முருங்கைக்காய்க்கு அது போதும், கவலைப்படாதீர்கள். ஒன்று விட்டுப்போனது. வீட்டுப் பெரியவர்கள் சப்பாத்தி, பருப்பு கேட்கிற நாளில் பக்கத்து நகரமான கோபே போய்விடுங்கள். ஒசாகாவின் உமெடாவிலிருந்து கோபேயின் சன்னோமியாவுக்கு ரயிலில் அரை மணி நேரம். முத்து வியாபாரத்துக்கு வந்த குஜராத்திகள் நிலைத்த ஊர், மேட்டுப் பகுதியான கிதானோவில் ஜைனக் கோயிலே இருக்கிறது. இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. சாப்பிட்டுவிட்டு அதே மேட்டில் பழைய மேற்கத்திய வீடுகளைப் பார்த்துக்கொண்டே இறங்கலாம்.