வாரண்டி கிளெய்ம் சார்ட் இறங்குது: மெஷின் நல்லாயிடுச்சா?

தோட்டத்துக்கடை, சுங்கை சிப்புட்
புல்லு வெட்டுற மெஷினும் மருந்தடிக்கிற பம்பும் விக்கிற கடை. 12 மாச வாரண்டி. வித்த மாசவாரியா கிளெய்மை எக்செல்ல பார் சார்ட் போட்டா, ஜனவரியில வித்ததுக்கு 9, மே மாசத்துக்கு 5, ஆகஸ்ட்டுக்கு 1. சரக்கு தேறிடுச்சுன்னு தவுக்கே (முதலாளி) சொல்றார். இப்ப செப்டம்பர் தொடக்கம். நம்பலாமா? அதோட கூடுதல் வாரண்டியும் விக்க யோசனை.

கணக்கப்பிள்ளை
நம்பாதீங்க லா. ஜனவரி மெஷின் ஏழெட்டு மாசம் ஓடியாச்சு, ஆகஸ்ட் மெஷின் இப்பதான் கடையை விட்டுப் போச்சு.

வித்த தேதி, புகார் வந்த தேதி, பழுதான பாகம், மூணும் போதும். எக்செல்ல டேட்டிஃப் (DATEDIF) ஃபார்முலா போட்டு ரெண்டு தேதிக்கும் இடையில எத்தனை முழு மாசம்னு எடுங்க. அதுதான் பழுதானப்போ மெஷினோட வயசு. பிவட் டேபிள்ல (எக்செல் தானா எண்ணித் தர்ற தொகுப்பு அட்டவணை) வரிசைக்கு வித்த மாசம், பத்திக்கு 0 முதல் 11 வரை அந்த வயசு. ஒவ்வொரு கட்டத்தையும் அந்த மாசம் வித்த எண்ணிக்கையால வகுங்க: 40 மெஷின்ல 2 வந்தா 5%. கண்டிஷனல் ஃபார்மட்டிங்ல (எண்ணைப் பார்த்து கட்டத்துக்கு நிறம் போடுற வசதி) ஒரே நிறம், சதவீதம் கூடக் கூட அடர்த்தி. இன்னும் வராத மாசம் காலியாவே கிடக்கட்டும். 0 போட்டா பழுதே இல்லாத மாதிரி காட்டும். ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கட்டம் அரைகுறை மாசம், அதை மதிக்காதீங்க.

ஒரு வரிசை மட்டும் கறுத்தா அந்த மாசம் வித்த லாட் (சரக்குத் தொகுதி) மோசம். ஒரு பத்தி மேலேருந்து கீழ வரைக்கும் கறுத்தா, அந்த வயசுல தேயுற பாகம் ஏதோ இருக்கு. குறுக்கே சாய்ஞ்சு கறுத்தா காலண்டர்ல நடந்த விஷயம்: அடைமழை, கெட்ட பெட்ரோல், புது மெக்கானிக். 11ன்னு போட்ட கடைசிப் பத்தி கறுத்தா பதறாதீங்க, வாரண்டி முடியுறதுக்குள்ள தூக்கிட்டு வர்ற கூட்டம் அது.

ஸ்பேனர்
பாகத்தைப் பிரிக்காம வரைஞ்சு புண்ணியமில்ல. டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல எண்ணெய் குறைச்சுக் கலந்தா பிஸ்டன் ஜாம். பழைய பெட்ரோல் கிடந்தா கார்புரேட்டர் அடைப்பு. ரெண்டும் மெஷின் குறை இல்ல, தனி ஷீட். எஸ்டேட்ல நாள் பூரா ஓடுறதையும் வீட்டு வாசலுக்கு வாங்கினதையும் கலக்காதீங்க. 6 வித்து 1 வந்தாலே 17%, கட்டம் கறுத்துடும். வித்தது 30க்குக் கீழேன்னா ரெண்டு மூணு மாசத்தைச் சேர்த்துடுங்க.

கணக்கப்பிள்ளை
கூடுதல் வாரண்டி: 120 ரிங்கிட் வாங்கி 13ஆம் மாசத்துலேருந்து 36 வரை காப்புன்னா, முதல் 12 மாசம் ஒரு சென்கூட வருமானத்துல சேராது. அப்புறம் மாசம் 5 ரிங்கிட். 18ஆம் மாசம் முடிய 30. அதுவரை வித்த ஒரு கூடுதல் வாரண்டிக்குச் சராசரி கிளெய்ம் செலவு 24 ரிங்கிட்னா நஷ்ட விகிதம் (வருமானத்துல கிளெய்முக்குப் போன பங்கு) 80%. 120ஆல வகுத்தா 20%ன்னு அழகாத் தெரியும், அதுதான் ஆபத்து. வயசாக ஆகப் பழுது ஏறினா இந்த 5 ரிங்கிட் கணக்கும் முன்மாசங்கள்ல வருமானத்தைத் தாராளமாக் காட்டிடும். பின்மாசங்களுக்குக் கூட ஒதுக்குங்க.

தோட்டத்துக்கடை
ஸ்பேர் பார்ட் வர மூணு வாரம்கூட ஆகுது. வயசு கணக்குப் போட புகார் தேதியா, ரிப்பேர் முடிஞ்சு போடுற பில் தேதியா?

ஸ்பேனர்
புகார் தேதி. பில் தேதி வச்சா வயசு 2ல வந்த பழுது 3ன்னு போட்ட பத்திக்கு நகர்ந்துடும். காசு சார்ட்டுக்கு மட்டும் பில் தேதி. பில் போடாம நிக்கிற மெஷினைத் தனியா எண்ணி, பாக்கி கிளெய்மா பக்கத்துல எழுதுங்க.